கித்தாக் காட்டில் இப்போது மணி என்ன? ஓவியத்தில் சூழலும் மனநிலையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் யாரிடமாவது "ஒரு காடு வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் தண்டு, அதன் மேல் பச்சையாக ஓர் உருண்டை, கீழே புல், மேலே நீல வானம், மூலையில் பாதிச் சூரியன். ஆரம்பப் பள்ளியில் கை பழகிய படம் அது. யூடியூப் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் நன்றாகவே வரைவார்கள். பட்டை பட்டையாக இருக்கும், இலை இலையாக இருக்கும், நிழல்கூட விழுந்திருக்கும். ஆனாலும் பார்ப்பவர் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் என்னிடம் அதிகம் வரும் புலம்பல் இதுதான்: "எல்லாம் சரியாத்தான் சார் போட்டிருக்கேன். ஏன் பாத்தா ஒன்னுமே தோண மாட்டேங்குது?"

மரத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்தக் குறை தீராது. மரத்தைச் சுற்றி இருக்கும் வெளிச்சத்தையும் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மூட்டம் உண்டா, மழை விட்டதா விடவில்லையா, தூரத்து மரம் எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சூழல். அந்தச் சூழல் பார்ப்பவர் மனதில் எழுப்புவது மனநிலை. அமைதி, பயம், ஏக்கம், உற்சாகம், மதிய நேரத்துச் சோம்பல், எதுவாகவும் இருக்கலாம். சூழலைத் தாளில் வரைய முடியும். மனநிலையை நேரடியாக வரைய முடியாது. சூழல் சரியாக அமைந்தால் அது கூடவே வந்துவிடும்.

அதனால் தூரிகையைத் தொடும் முன்பே நான் பிள்ளைகளிடம் கேட்பது, "உன் படத்துல இப்ப மணி என்ன?" என்றுதான். பெரும்பாலும் விழிப்பார்கள். மணி தெரியாமல் மரத்தை வரைய ஆரம்பித்தால் கடைசியில் எந்த மணியும் இல்லாத படம்தான் கிடைக்கும்.

இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஐந்திணையை நினைத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது. காடு மட்டும் இருந்தால் முல்லை ஆகிவிடாது. கார்காலமும் மாலைப் பொழுதும் சேர வேண்டும். அப்போதுதான், தலைவன் வரும் வரை தலைவி பொறுத்துக் காத்திருக்கும் அந்த 'இருத்தல்' பொருந்தி வரும். பாலைக்குத் தனி நிலமே கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நிலம் அதேதான், பொழுது மாறியதும் காத்திருப்பு பிரிவாகிவிடுகிறது. காட்டுக் காட்சியை வரைய வருபவருக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எந்த ஓவியப் புத்தகத்திலும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

நம் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரங்கள் இலையுதிர்க்கும். இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, கொட்டிவிடும். ஆண்டு முழுக்க நிழலாகக் கிடந்த நிரைகளுக்குள் வெயில் இறங்கி, தரையில் சருகு நொறுங்கும். அந்த மாசி, பங்குனியைத்தான் பின்பனிக் காலம் என்பார்கள். பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது. தமிழ்நாட்டு நிலத்துக்கு வகுத்த இலக்கணம், பிரேசிலில் இருந்து வந்த மரத்துக்குப் பேராக் மாநிலத்தில் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! (அந்த மரம் இங்கே வந்த கதைக்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. தனியாக நிற்கும் கிழட்டு மரம் எப்படி இருக்கும், நிரையில் நிற்கும் மரம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டு வரையவாவது ஒரு முறை போய் வாருங்கள்.)

சரி, பொழுதைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது? முதலில் கவனிக்க வேண்டியது நிறம் இல்லை. ஒளி, இருளின் அளவு. படம் மொத்தமும் வெளிறி இருக்கிறதா, கறுத்து இருக்கிறதா? மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் இடையில் இடைவெளி பெரிதா, சிறிதா? இந்த இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே மனநிலையில் முக்கால்வாசி முடிவாகிவிடும். எல்லாம் வெளிறி, இடைவெளியும் சிறிதாக இருந்தால் மூட்டம் போட்ட காலை, இதமான அமைதி. பெரும்பகுதி கறுத்து ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் என்றால் மர்மம், சில நேரம் பயம். கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று மோதினால் வெயில், சுறுசுறுப்பு. எல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே இருந்தால் மழைக்கு முந்திய புழுக்கம்.

நிறமே இல்லாமல் இது முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஹசேகாவா தோஹாகு என்ற ஜப்பானிய ஓவியரின் பைன் மரப் படத்தைத் தேடிப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. ஆறு மடிப்பு கொண்ட திரைகள் இரண்டு, வெறும் மசி, அவ்வளவுதான். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதத்தின் பெரும்பகுதியில் ஒன்றுமே வரையவில்லை. அங்கங்கே சில மரங்கள், சிலது கறுப்பாக, சிலது தெரிந்தும் தெரியாமலும். பார்த்தவுடன் ஈரக் காற்று மூக்கில் ஏறுகிறது. பச்சை வண்ணம் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

பழக்கத்துக்கு வருவோம். பெரிய தாளை எடுக்காதீர்கள். தீப்பெட்டி அளவுக்கு நாலைந்து கட்டங்கள் போட்டு, பென்சிலால் மூன்றே அளவுகளில் தீட்டுங்கள்: வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கறுப்பு. நிரையில் நிற்கும் அதே மரங்கள்தான். ஒரு கட்டத்தில் வானம் வெள்ளை, மரம் சாம்பல், தரையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. அடுத்ததில் எல்லாம் கறுப்பு, நடுவில் ஒரு துண்டு வெள்ளை. மூன்றாவதில் மரம் வெள்ளை, பின்னணி கறுப்பு. பிறகு எழுந்து நின்று தள்ளிப் பாருங்கள். ஒரே காட்சி வேறு வேறு கதை சொல்லும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது இதற்குப் பழைய வழி. சின்ன விவரங்கள் மறைந்து ஒளியும் இருளும் மட்டும் மிஞ்சும். கைப்பேசியில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது இப்போதைய வழி. இரண்டும் ஒன்றுதான்.

இந்த அளவைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி, மரம் சீவும் காட்சியை அழகாக வரைந்திருந்தாள். தண்டில் சரிவாக வெட்டு, அதன் கீழே மங்கு (பால் வடியும் கிண்ணம்), மங்கில் பால் சொட்டுகிறது. பளீரென்று மஞ்சள் வெயில். பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பெரியம்மா, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர், படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு தாயி. ஆனா இவ்ளோ வெயிலு வந்தப்புறம் எங்க பால் சொட்டும்? இந்நேரம் நாங்க வாளியத் தூக்கிட்டுப் போயிருப்போம்." அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. விடியும் முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கிப் பால் குறையும். அதற்காகத்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். மாணவி அதே படத்தை நீலச் சாம்பலில் மறுபடி போட்டாள். மங்கு மட்டும் வெளுப்பு. இந்த முறை பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது மூட்டம். காட்டுப் படத்தில் சூழலை வரைவதற்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை, நமக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது. இரவில் மழை பெய்த மறுநாள் காலை, ஏழரை மணிக்கு முன்னால் செம்மண் சடக்கில் போய் நின்று நிரைக்குள் பாருங்கள். முதல் வரிசை மரத்தில் பட்டையின் வெடிப்பு, ஒட்டியிருக்கும் பாசி, பழைய வெட்டுத் தழும்பு எல்லாம் தெரியும். இரண்டாம் வரிசையில் தண்டு தெரியும், தழும்பு தெரியாது. மூன்றாவது வெறும் சாம்பல் தூண். நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று சொல்ல முடியாது.

ஏன் இப்படி? நமக்கும் மரத்துக்கும் நடுவில் நீர்த்துளிகள் மிதக்கின்றன. அவை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. மரத்திலிருந்து வரும் ஒளி வழியிலேயே குறைகிறது, சிதறிய வெள்ளை ஒளி கூடுகிறது. தூரம் கூடக் கூட மரம் தன் நிறத்தை இழந்து மூட்டத்தின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. துளிகள் ஒளி அலையைவிடப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் மூட்டம் வெள்ளை. ஆனால் கிழக்கே தித்திவாங்சா மலைகளைப் பாருங்கள், அவை நீலமாகத் தெரியும். அங்கே பல மைல் தூரத்துக்குக் காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் வேலை செய்கின்றன. அவை நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஐரோப்பிய நிலக்காட்சிப் படங்களில் தூரம் நீலமாக இருப்பது இதனால்தான். லியனார்டோ டா வின்சி இதைக் கவனித்து எழுதியே வைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கித்தா மரத்துக்கு நீலம் பூசிவிடாதீர்கள். மலைக்கு நீலம், நிரைக்கு வெளிறிய சாம்பல்.

செய்து பார்க்க ஒரு பயிற்சி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பன்ச்சோ டியூப் வண்ணமே போதும். ஒரு கிண்ணத்தில் வெள்ளை நிறைய, அல்ட்ராமரைன் நீலம் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) அதைவிடக் கொஞ்சம். நீலமா சாம்பலா என்று சண்டை போடும் அளவுக்கு வெளிறிய ஒரு கலவை வரும். அதுதான் உங்கள் மூட்டம். முதலில் தாள் முழுக்க அதைப் பூசிக் காய விடுங்கள். இன்னொரு கிண்ணத்தில் வெள்ளை சேர்க்காமல் அதே நீலமும் அதே சியன்னாவும், கெட்டியாக, ஏறக்குறைய கறுப்பாக. அது மரம். இனி மூட்டக் கலவையில் மரக் கலவையைத் துளித் துளியாகச் சேர்த்து, கடைசி வரிசை மரங்களை முதலில் போடுங்கள். மெல்லிய தண்டுகள், பூசியது தெரியவே கூடாது. அடுத்த வரிசைக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பு, தண்டு கொஞ்சம் தடிமன், அடிப்பாகம் தாளில் சற்றுக் கீழே. இப்படி நாலு வரிசை. கடைசியாக முன்வரிசையில் மட்டும் கெட்டிக் கறுப்பு. பட்டையும் வெட்டும் மங்கும் அந்த வரிசைக்கு மட்டும்தான்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அளவு கறுப்பைக் கூட்டி, படிக்கட்டு மாதிரி சீராக இறக்கிவிடுவார்கள். மூட்டம் அப்படி வேலை செய்வதில்லை. தே ஓ (பால் இல்லாத தேநீர்) குவளையில் கெட்டிப்பால் ஊற்றிப் பாருங்கள். முதல் கரண்டியில் கறுப்பு சட்டென்று மாறும், நாலாவது கரண்டி ஊற்றினால் பெரிய மாற்றம் தெரியாது. அதே கணக்குத்தான். முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெரிய தாவல், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை மட்டும் சரி செய்தாலே தட்டையான படத்துக்குள் நடந்து போகலாம் போலத் தோன்றும். இன்னொன்று: மூட்டத்தில் முதலில் மறைவது கறுப்பு. படத்திலேயே மிகக் கறுத்த புள்ளி முன்னால் மட்டும்தான் இருக்க வேண்டும். தூரத்தில் எங்கேயாவது கறுப்பு வைத்தால், அந்த இடத்தில் மூட்டம் கிழிந்துவிடும்.

விவரத்தில் கில்லாடிகள்கூட இதை மீற மாட்டார்கள். ரஷ்யாவின் இவான் ஷிஷ்கின் பைன் மரத்தின் ஒவ்வொரு ஊசி இலையையும் எண்ணி வரைகிறாரோ என்று தோன்ற வைப்பவர். அவருடைய 1891ஆம் ஆண்டுப் படம், ஓக் காட்டில் மழை. முன்னால் சேறும் தேங்கிய தண்ணீரும் துல்லியம், பின்னால் மரங்கள் கரைந்து போகின்றன. அவருடைய இன்னொரு படம் உலகப் புகழ் பெற்றது, 1889இல் வரைந்தது, பைன் காட்டில் கரடிக் குட்டிகள் விளையாடும் படம். கரடிகளை வரைந்தது அவர் இல்லை, நண்பர் சவித்ஸ்கி! பலருக்கும் நினைவில் நிற்பது கரடிதான். ஆனால் கரடியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், காலைப் பனியும் உச்சிக் கிளையில் விழும் வெயிலும் அப்படியே இருக்கும். நான் மறைத்துப் பார்க்கிற கட்சி.

ஷிஷ்கினைவிட இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் அதே நாட்டின் ஐசக் லெவிதான். நாற்பது வயது நிறையும் முன்பே, 1900இல் இறந்துபோனார். அவருடைய பிர்ச் தோப்பு ஏ3 தாளைவிடக் கொஞ்சம் நீளமான சின்னப் படம். வெள்ளைத் தண்டுகளில் வெயிலும் நிழலும் ஓடி விளையாடும், பார்த்தால் சிரிப்பு வரும். அதை 1889இல் முடித்தவர் 1892இல் மரங்கள் சூழ்ந்த ஓர் ஆழ்மடுவை வரைந்தார். தண்ணீர் கறுத்து, அந்திக் காடு அதைவிடக் கறுத்து, மடுவின் மேல் போகும் மரக்கட்டைகளில் கால் வைக்கவே தயக்கமாக இருக்கும். இரண்டிலும் மரம்தான், இரண்டிலும் பச்சைதான்.

பச்சை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தோட்டத்துப் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டியூபிலிருந்து நேரே வரும் பச்சை. அந்தப் பச்சை நம் காட்டில் எங்கேயும் இல்லை. மஞ்சளும் நீலமும் கலந்து நீங்களே பச்சை செய்யுங்கள். அதில் சிட்டிகை பர்ன்ட் சியன்னா சேர்த்தால் அது அடங்கும். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் இலை மஞ்சளாக ஒளிரும். இலையின் மேல் வானம் பட்டுத் தெறித்தால் அதே இலை குளிர்ந்த சாம்பல் பச்சை. இந்த இரண்டையும் பிரித்துப் போட்டாலே வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

விடியற்காலைப் படத்துக்குக் கண் செய்யும் ஒரு குறும்பையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலமும் பச்சையும்தான் ஒப்பிட்டால் வெளிச்சமாகத் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூக்களைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். அதனால் ஆறரை மணிக்கு நம் செம்மண் சடக்கு சிவப்பாக இருக்காது, ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். இலைகள் நீலம் கலந்த சாம்பல். மண் சிவப்பு என்று நமக்கு மனதில் தெரியும் என்பதற்காகச் சிவப்பைப் பூசினால் படத்தில் உடனே ஒன்பது மணி ஆகிவிடும். மரம் சீவும் மாணவியின் முதல் படத்தில் நடந்ததில் பாதி இதுதான்.

விளிம்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூர்மையான விளிம்பு கண்ணைப் பிடித்து இழுக்கும், கரைந்த விளிம்பு விட்டுவிடும். எல்லா மரத்துக்கும் கூர்மையான கோடு போட்டால் படம் எல்லாப் பக்கமும் கத்தும். நீர்வண்ணத்தில் தாள் ஈரமாக இருக்கும்போதே பூசினால் விளிம்பு தானாகக் கரையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் மெதுவாகத்தான் காயும் என்பது இங்கே நமக்கு லாபம். தலைமுடி உலர்த்தியை எடுத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள்.

மரங்களைச் சட்டத்துக்குள் எப்படி வெட்டி வைக்கிறோம் என்பதும் உணர்வை மாற்றும். ஆஸ்திரியாவின் குஸ்தாவ் கிளிம்ட் 1902, 1903 வாக்கில் வரைந்த பீச், பிர்ச் காடுகளில் வானம் ஏறக்குறைய கிடையாது. சதுரச் சட்டம், மேலே வெட்டுப்பட்ட தண்டுகள், தரை முழுக்கச் சருகு. உள்ளே அகப்பட்டுக்கொண்ட மாதிரி ஓர் அடக்கம் வருகிறது. நம் நிரைகளுக்கு வேறு குணம். மரங்கள் வரிசை பிசகாமல் நிற்பதால் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். வரிசைக்கு நேர் எதிரே நின்றால் கண் நேராக உள்ளே போய்விடும், ஒரு ஒழுங்கு, கொஞ்சம் கண்டிப்பும்கூட. இரண்டு நிரைக்கு நடுவில் சாய்வாக நின்று பார்த்தால் அதே மரங்கள் ஒன்றையொன்று மறைத்து, காட்டுக்குள் வழி தவறியது போல் ஆகிவிடும். இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

இணையப் பாடங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சி ஓவியர் பாப் ராஸ் படங்களை நானும் ரசிப்பவன். ஆனால் அவர் போடும் ஊசியிலை மரமும் பனிமலையும் அலாஸ்கா பக்கத்து நினைவுகள். அந்த வடதேசங்களில் சூரியன் சாய்ந்தே நடக்கும், நீண்ட நிழலும் பொன் வெயிலும் மணிக்கணக்காக இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய நேராக ஏறி நேராக இறங்கும். அந்தப் பொன் வெயில் சுருக்கமாக வந்து போய்விடும். மதியம் நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த மதியத்தை வரைய யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் நம் மதியத்துக்கென்று ஒரு மனநிலை உண்டு. கித்தா இலைகளுக்கு நடுவில் தரையில் சிந்தும் வட்ட வட்டமான ஒளிப்பொட்டுகள் (அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம், அதனால்தான் வட்டம்), அசையாத காற்று, கொசு. அதை வரைந்தால் அது நம் படம்.

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) வந்தால் கதை வேறு. இப்போது பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது, வரைய வருபவர்களும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முற்றிய செம்பனைக்குள் வெளிச்சம் குறைவு, வெட்டிய மட்டைகளின் அடிப்பாகத்தில் பெரணிச் செடிகள் தொங்கும், தண்டு தடித்து ரோமம் முளைத்த மாதிரி இருக்கும். மெல்லிய தண்டுகளின் அழகை இங்கே தேடாதீர்கள். கறுத்த உருவங்களுக்கு நடுவில் வானம் ஓட்டை ஓட்டையாகத் தெரிவதைப் பிடியுங்கள். ஓட்டைகளின் வடிவம் சரியாக வந்தால் மட்டை தானாக வந்துவிடும்.

கடைசியில் ஆள். தோட்டம் என்றதும் நம்மவர்கள் உடனே தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாவை, குனிந்த முதுகோடு, பழுப்பு நிறத்தில் வைத்துவிடுவார்கள். படம் சோகமாகிவிடும், சோகமானால் ஆழமாகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோட்டத்தில் சிரிப்பும் இருந்தது, சண்டையும் இருந்தது, தீமிதித் திருவிழாவும் இருந்தது. மனநிலையை ஆளின் முகத்தில் ஒட்டவைப்பது சோம்பேறி வழி. ஷிஷ்கினின் மழைப் படத்தில் குடைக்குக் கீழே இரண்டு பேர் முதுகைக் காட்டி நடந்து போகிறார்கள், முகமே இல்லை. ஜெர்மனியின் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் 1814இல் ஊசியிலைக் காட்டின் முன்னால் தனியாக நிற்கும் ஒரு படைவீரனை வரைந்தார். மரங்கள் அத்தனை உயரம், ஆள் அத்தனை சிறிது. அவனுக்கு என்ன நடக்கப் போகிறது என்று அளவே சொல்லிவிடுகிறது.

ஆள் வைக்கத்தான் வேண்டும் என்றால் படம் முடிந்த பிறகு, சின்னதாக வையுங்கள். தலைவிளக்கோடு மரம் சீவுகிறவரை வைப்பதானால் விளக்குக்கு வெள்ளை வண்ணம் அப்ப வேண்டாம். விளக்கு வரும் இடத்தை மட்டும் முதலிலேயே பூசாமல் விட்டு, மேலே மிக லேசாக மஞ்சள் ஓட்டுங்கள். விளக்கின் ஒளி அவர் முகத்தைவிட எதிரே இருக்கும் பட்டையில்தான் விழும். வெட்டுக் கோடும் உளி பிடித்த கையும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் நீலச் சாம்பலிலேயே கிடக்கட்டும். மூட்டம் இருந்தால் விளக்கைச் சுற்றி ஒரு வெளிச்ச மங்கல் வரும், அதை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். விளக்கிலிருந்து நட்சத்திரம் மாதிரி மஞ்சள் கதிர்கள் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தீபாவளி வாழ்த்து அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.